ஒரு புழுவிடம் டியூஷன்!

லண்டனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் சாத்தம் என்று ஓர் ஊர். பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்டுகிற பிரமாண்டமான பட்டறை அங்கே இருந்தது. சுமார் 1816-ம் வருடம். மார்க் ப்ரூனல் என்கிற பிரெஞ்சுக்காரர் அந்தப் பட்டறைக்குள் நடந்துகொண்டிருந்தார். ஓரமாக ஒரு மரத்துண்டு கிடந்தது. ஏதோ ஒரு பழைய கப்பலிலிருந்து கழற்றிப் போட்டது. வெட்டின பக்கத்தில் பார்த்தால், சல்லடை மாதிரி ஓட்டைகள்!

பட்டறையில் வேலை பார்த்த அத்தனை பேரும் தினமும் பார்க்கிற காட்சிதான். ‘புழு அரிச்சிடுச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார்கள். ப்ரூனல் போகவில்லை. மரத்துண்டைக் கையில் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு அவர் பார்த்தது ‘கப்பல் புழு’. பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி, மட்டி வகையறாவைச் சேர்ந்த ஜந்து. உடம்பு மட்டும் புழு மாதிரி நீளமாக, வெள்ளையாக, கொழகொழவென்று இருக்கும். சிப்பிக்கு உடம்பையே மூடுகிற இரண்டு ஓடு உண்டல்லவா? இதற்கும் இரண்டு ஓடு உண்டு. ஆனால், தம்மாத்தூண்டு. தலைப் பக்கத்தில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தம்மாத்தூண்டு ஜந்து சரித்திரத்தில் பண்ணியிருக்கும் அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. கொலம்பஸின் நாலாவது கடல் பயணத்தில் அவருடைய கப்பல்களை ஓட்டை ஓட்டையாகத் துளைத்துத் தள்ளியது இதுதான். 1503-ல், மிச்சமிருந்த இரண்டு கப்பல்களையும் ஜமைக்கா தீவில் கரைதட்ட விட்டுவிட்டு, ஒரு வருடம் அங்கேயே ‘யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா’ என்று கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கொலம்பஸ். 1731-ல் ஹாலந்து நாட்டில், கடல் உள்ளே வராமல் தடுத்து வைத்திருந்த கரைகளின் மரக்கட்டைகளைப் புழு தின்று தீர்த்துவிட்டது தெரிய வந்தபோது, தேசமே நடுங்கிப்போனது. நாட்டின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நடுங்காமல் என்ன செய்வார்கள்? பிரிட்டிஷ் கடற்படை தன் பங்குக்குக் கப்பல்களின் அடிப்பாகம் முழுக்கத் தாமிரத் தகடு அடித்து வைத்தது. செலவைப் பார்த்தால் முடியுமா?

ஆக, கப்பல்காரர்கள் எல்லோருக்கும் அது பரம வைரி. அந்த வைரியிடம் போய் ஒருத்தர் பாடம் படிக்க உட்கார்ந்தார் என்றால், அவர் கொஞ்சம் வித்தியாசமான ஆசாமியாகத்தானே இருக்க வேண்டும்? ப்ரூனல் அப்படித்தான்.

பிரான்ஸில், நார்மண்டி பகுதியில் 1769-ல் பிறந்தவர். ‘பையனைப் பாதிரியார் ஆக்கிவிடலாம்’ என்று அப்பா கணக்குப் போட, பையனுக்கோ கணக்கு, படம், மெஷின் என்று புத்தி போனது. பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். புரட்சி வெடித்தது. மன்னர் பக்கம் பேசிய ப்ரூனல், தலை தப்பினால் போதும் என்று 1793-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க் நகரத்துக்கே தலைமை இன்ஜினீயர் ஆனார்! ஆனால், மனசு அங்கே நிற்கவில்லை. பிரான்ஸை விட்டு ஓடுவதற்கு முன்பு ரூவான் நகரத்தில் சோஃபியா கிங்டம் என்ற இங்கிலீஷ்காரப் பெண்ணோடு காதலாகியிருந்தது. ஆறு வருடம் கழித்து, 1799-ல் இங்கிலாந்து போய் இறங்கி, அதே சோஃபியாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

வந்த கையோடு கடற்படைக்கு ஒரு காரியம் செய்து கொடுத்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோமே, கப்பி... பாய்மரக் கப்பலுக்கு அந்தக் கப்பிதான் உயிர். ஒரு பெரிய போர்க்கப்பலுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கப்பி வேண்டும். அதுவரை தச்சர்கள் ஒவ்வொன்றாகக் கையால் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ப்ரூனல் மெஷின்களை வடிவமைக்க, மாட்ஸ்லே என்ற அபாரமான தொழில்நுட்பக்காரர் அவற்றைச் செய்து கொடுக்க, போர்ட்ஸ்மவுத்தில் 1808 வாக்கில் வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கப்பி தயாரானது. 110 பேர் செய்த வேலையைப் பத்தே பேர் செய்தார்கள். (மீதி நூறு பேர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்வதில்லை!)

இப்படி மெஷின்களோடு புழங்குகிறவர் கையில்தான் அந்தப் புழு அரித்த மரம் கிடைத்தது. கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்தது இதுதான்...

தலையில் இருக்கும் இரண்டு ஓடுகளின் விளிம்பிலும் அரம் மாதிரி நுண்ணிய பற்கள். புழு அந்த ஓடுகளை மரத்தில் அழுத்தி, அசைத்து அசைத்து ராவுகிறது. கொஞ்சம் திரும்பி மறுபடி ராவுகிறது. அதனால் துளை சுத்தமான வட்டமாக விழுகிறது. ராவிய தூளைத் தின்றுவிடுகிறது. (மரத்தூளைச் செரிப்பதற்கென்றே சில பாக்டீரியாக்களைத் தன் செவுளில் குடிவைத்திருக்கிறது என்பது பிற்காலத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது.) முன்னே துளைத்துக்கொண்டு போகப்போக, பின்னே துளையின் சுவரில் வழவழவென்று சுண்ணாம்பு பூசிக்கொண்டே வருகிறது!

ப்ரூனலைக் கட்டிப்போட்டது இந்தக் கடைசி விஷயம்தான். முன்னால் ஒரு கவசம். கவசத்துக்குள் பத்திரமாக இருந்துகொண்டு தோண்டுகிற வேலை. தோண்டிய இடம் சரிவதற்குள் பின்னாலேயே ஒரு சுவர். மூன்றும் ஒரே நேரத்தில்! மனிதன் சுரங்கம் தோண்டினால் முதலில் தோண்டுவான், அப்புறம் முட்டுக் கொடுப்பான், அதற்கும் அப்புறம்தான் சுவர் எழுப்புவான். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் மண் சரிந்து மேலே விழும். புழு அந்த இடைவெளியையே கொடுக்கவில்லை.

அவருடைய உதவி இன்ஜினீயராகக் கூடவே இருந்த ரிச்சர்ட் பீமிஷ், பிற்பாடு 1862-ல் ப்ரூனலின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இந்தப் புழு சமாசாரம் அதில் இருக்கிறது.

சரி, சுரங்கம் எதற்கு? அப்போதைய லண்டனை ஒரு நிமிஷம் மனசில் கொண்டுவாருங்கள். உலகத்துச் சரக்கெல்லாம் தேம்ஸ் நதியில் வந்து இறங்குகிறது. கடலிலிருந்து வரும்போது முதலில் குறுக்கிடுகிற பாலம் ‘லண்டன் பிரிட்ஜ்’தான். அதற்குக் கிழக்கே நதி முழுக்கப் பாய்மரக் காடு. அங்கே பாலம் கட்டினால் உயர்ந்த பாய்மரங்கள் இடிக்கும். (நாம் சினிமாவில் பார்க்கிற, இரண்டாகத் திறக்கும் டவர் பிரிட்ஜ் வந்தது 1894-ல்தான்.) விளைவு? எதிர்க் கரை கண்ணெதிரே தெரிகிறது... சரக்கு வண்டியோ லண்டன் பிரிட்ஜ் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாலத்தில் நெரிசல் என்றால் அப்படியொரு நெரிசல்.

மேலே போக முடியாவிட்டால் கீழே போக வேண்டியதுதான். ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டார்கள். ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற மகா கெட்டிக்காரர், ரயில் இன்ஜினை முதன்முதலில் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டியவர், கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்து தேம்ஸுக்கு அடியில் இறங்கினார். ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், எலி வளை மாதிரி ஒரு வழி. ஆயிரம் அடிக்கு மேல் போய்விட்டார்கள். அக்கரை கிட்டத்தட்டக் கைக்கெட்டும் தூரம். 1808 ஜனவரியில் நதி உள்ளே புகுந்தது. அத்தோடு மூட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகு, ‘பூமிக்குள் கிடக்கிற இளகிய மண்ணில், அதுவும் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் நடக்காத காரியம்’ என்பது கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது.

புழுவிடம் படித்த பாடத்தை ப்ரூனல் 1818-ல் காப்புரிமையாகப் பதிவு செய்தார். அந்தக் கவசத்தின் படத்தைப் பார்த்தால் அச்சு அசல் புழுதான்... வட்டமான கவசம்.

உடனே ராஜயோகம் அடித்ததா என்றால், அடித்தது ஜெயில்! நெப்போலியனோடு நடந்த போரில் சிப்பாய்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டு திரும்பியதைப் பார்த்து, பூட்ஸ் தைக்க மெஷின் செய்து வைத்திருந்தார் ப்ரூனல். 1815-ல் வாட்டர்லூவோடு போர் முடிந்தது. ‘இனி பூட்ஸ் வேண்டாம்’ என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது. குவிந்து கிடந்த பூட்ஸும் கடனும்தான் மிச்சம். போதாக்குறைக்கு, மரம் அறுக்கும் ஆலை 1814-லேயே தீயில் போயிருந்தது. 1821-ல் கடனாளிகள் சிறையில் போட்டார்கள். சோஃபியாவும் கூடவே உள்ளே போய்விட்டார். சிறை அறையில் கணவர் படம் வரைய, மனைவி துணி தைத்துக்கொண்டு... மூன்று மாதம்!

ப்ரூனல் அப்போது ஒரு தந்திரம் செய்தார். ரஷ்யச் சக்கரவர்த்திக்கு இவர்மேல் ஏற்கெனவே ஒரு கண் உண்டு. ‘நான் ரஷ்யாவுக்கே போய்விடுகிறேன்’ என்கிற மாதிரி கடிதப் போக்குவரத்து ஆரம்பிக்க, லண்டனில் பதறிப்போனார்கள். வெலிங்டன் பிரபு தலையிட்டார். ‘நாட்டை விட்டுப் போகக் கூடாது’ என்ற நிபந்தனையோடு சர்க்கார் ஐயாயிரம் பவுன் கொடுத்துக் கடனைத் தீர்த்து வெளியே கொண்டுவந்தது.

1824-ல் தேம்ஸ் சுரங்கக் கம்பெனி பிறந்தது. தென்கரையில் ராதர்ஹைத், வடகரையில் வாப்பிங். நடுவே சுமார் 1,300 அடி. 1825 மார்ச்சில் ராதர்ஹைத்தில் வேலை ஆரம்பம்.

முதலில் கீழே இறங்க ஒரு பெரிய கிணறு வேண்டும். ப்ரூனல் என்ன செய்தார் தெரியுமா? குழி தோண்டவில்லை. 50 அடி விட்டத்துக்குத் தரையில் ஓர் இரும்பு வளையத்தைப் போட்டு, அதன்மேல் 40 அடி உயரத்துக்குச் செங்கல் கோபுரத்தைக் கட்டினார். பிறகு ஆட்களை உள்ளே இறக்கி, வளையத்துக்கு அடியிலிருக்கும் மண்ணை வாரச் சொன்னார். கோபுரம் தன் கனத்தாலேயே அங்குலம் அங்குலமாக பூமிக்குள் இறங்கியது. லண்டன்வாசிகள் வாயைப் பிளந்தார்கள். நம் ஊரில் உறைகிணறு இறக்குகிறவர்கள் பார்த்திருந்தால், ‘அட, நம்ம வேலை!’ என்று சிரித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்தது கவசம். மாட்ஸ்லேயின் பட்டறையில் செய்தது. பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள், அலமாரியில் புத்தகம் அடுக்கிய மாதிரி ஒன்றையொட்டி ஒன்று நிற்கும். ஒவ்வொன்றும் 21 அடிக்கு மேல் உயரம், மூன்றடி அகலம், மூன்று மாடி. ஆக மொத்தம் 36 பொந்துகள். பொந்துக்கு ஒரு தொழிலாளி. அவருக்கு எதிரே மண் சுவர். அதை அமுக்கிப் பிடித்தபடி வரிசையாக ஓக் மரப் பலகைகள். தொழிலாளி ஒரே ஒரு பலகையை மட்டும் கழற்றுவார். அந்த இடத்தில் நாலரை அங்குலம் மண்ணைத் தோண்டுவார். பலகையை உள்ளே தள்ளிவைத்து, திருகை முடுக்குவார். அடுத்த பலகை... இப்படித் தன் பொந்தின் எல்லாப் பலகையும் முன்னே போனதும், பின்பக்கச் சுவரில் ஜாக்கி கொடுத்து அந்தச் சட்டத்தையே நாலரை அங்குலம் முன்னால் தள்ளுவார்கள். அதனால் விடுபட்ட நாலரை அங்குலத்தில் கொத்தனார்கள் உடனே செங்கல் வைத்துப் பூசிவிடுவார்கள். தொழிலாளர்கள் புழுவின் பற்கள் என்றால், கொத்தனார்கள் அதன் சுண்ணாம்பு!

நாலரை அங்குலம் என்பது ஒரு செங்கல்லின் அகலம். வாரத்துக்கு எட்டடி, மிஞ்சிப்போனால் பன்னிரண்டடி. புழு வேகம்தான். ஆனால் நகர்ந்தது.

இங்கேதான் பாடம் உதைக்க ஆரம்பித்தது. ப்ரூனலை அதற்காக நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், புழுவைக் காப்பியடிப்பதில் சில விஷயங்கள் விட்டுப்போய்விட்டன.

புழு துளைக்கிற மரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மரம். தேம்ஸின் அடித்தரை அப்படியில்லை. ‘ரொம்ப ஆழம் போகாதீர்கள், கீழே புதைமணல் இருக்கிறது. மேலாகப் போனால் நல்ல களிமண்’ என்று நிலவியல் நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி மேலாகப் போனார்கள். போகப் போகக் களிமண் காணாமல் போய், கூழாங்கல்லும் சேறும் வந்தது. தலைக்கு மேல் சில இடங்களில் சில அடி மண். அதற்கு மேல் நதி!

அடுத்தது வடிவம். 1818-ல் வரைந்த வட்டம் 1825-ல் செவ்வகமாகியிருந்தது. அருகருகே இரண்டு வண்டிப் பாதைகள் போகிற மாதிரி, 37 அடி அகலம், 22 அடி உயரத்தில் ஒரு ராட்சசப் பெட்டி. அவ்வளவு பெரிய மண் முகத்தை ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர். கப்பல் புழுவின் வளை முழுக்கத் தண்ணீர்தான். வாலை வாசலில் நீட்டிக் கடல்நீரை இழுத்துத்தான் அது மூச்சே விடுகிறது. தண்ணீர் உள்ளே வந்தால் அதற்குக் காற்று வந்த மாதிரி. மனுஷனுக்கு?

அதுவும் எப்பேர்ப்பட்ட தண்ணீர்! லண்டன் நகரத்தின் மொத்தச் சாக்கடையும் அன்று தேம்ஸில்தான். அது கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பொந்துகளில் நின்றவர்கள் மயங்கி விழுந்தார்கள். கண் பார்வை மங்கியது. சாக்கடை வாயு விளக்கில் பட்டுக் குப்பென்று தீப்பிடித்தது. 1826-ல் பொறுப்பு இன்ஜினீயர் ஆர்ம்ஸ்ட்ராங் படுத்துவிட, அவர் இடத்துக்கு வந்தது ப்ரூனலின் மகன் இஸம்பார்ட். வயது இருபது! பின்னாளில் பாலம், ரயில், கப்பல் என்று இங்கிலாந்தையே கலக்கிய அதே இஸம்பார்ட் கிங்டம் ப்ரூனல்தான்.

கம்பெனிக்கோ கையில் காசு குறைந்துகொண்டே வந்தது. டைரக்டர்கள் ஒரு யோசனை செய்தார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களை சுரங்கத்துக்குள் விட்டார்கள். தினம் நூற்றுக்கணக்கில் கூட்டம்! சீமாட்டிகள் கவுன் பிடித்துக்கொண்டு கீழே இறங்க, கோடியில் 36 பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ப்ரூனலுக்கு வயிற்றைக் கலக்கியது. ‘எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து நடக்கலாம், கூட்டம் உள்ளே இருக்கும்போது மட்டும் நடந்துவிடக் கூடாது’ என்கிற பயத்தை மே 13, 1827 அன்று டைரியில் எழுதி வைத்தார்.

அதற்குச் சில நாள் முன்புதான் ‘டைவிங் பெல்’ எனப்படும் மணி மாதிரியான இரும்புக் கூண்டில் நதியின் அடிக்குப் போய்ப் பார்த்திருந்தார்கள். போனவர்கள் ஒரு மண்வெட்டியையும் சுத்தியலையும் அங்கேயே மறந்துவிட்டு வந்தார்கள். சில நாள் கழித்து அந்த மண்வெட்டியும் சுத்தியலும் சுரங்கத்துக்குள் வந்து விழுந்தன. மேலேயிருந்து நதி ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொன்ன மாதிரி!

மே 18-ம் தேதி மாலை நதியே வந்துவிட்டது. அப்போது சுரங்கம் 549 அடி போயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு ஓடி, படிக்கட்டில் ஏற, கீழ்ப்படிக்கட்டைத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. கீழே பம்ப் அருகே ஒரு கிழவர் மாட்டிக்கொண்டு கத்த, இஸம்பார்ட் கயிற்றைப் பிடித்து இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதிசயம், அத்தனை பேரும் இருந்தார்கள்.

இஸம்பார்ட் அதே கூண்டில் மறுபடி நதிக்குள் இறங்கினார். ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான மூட்டைகளில் களிமண்ணைக் கட்டி அதில் கொட்டினார்கள். தண்ணீரை இறைத்தார்கள். நவம்பர் 10-ம் தேதி சுரங்கத்துக்குள்ளேயே ஒரு விருந்து! ஒரு வளைவில் பெரிய மனிதர்கள், பக்கத்து வளைவில் தொழிலாளர்கள், நடுவே கோல்ட்ஸ்ட்ரீம் காவல்படையின் பேண்டு வாத்தியம். ‘பாருங்கள், சுரங்கம் பத்திரமாக இருக்கிறது’ என்று ஊருக்குக் காட்டத்தான் இத்தனையும்.

இரண்டே மாதம். 1828, ஜனவரி 12. இஸம்பார்ட், பால், காலின்ஸ் என்ற இரண்டு தொழிலாளர்களோடு கவசத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். மண் பெருக்கெடுத்தது. பின்னாலேயே தண்ணீர். விளக்குகள் அணைந்தன. ஒரு மரச்சட்டம் அவர் காலை நசுக்கியது. எப்படியோ உருவிக்கொண்டு இருட்டில் தடுமாறி ஓடியவரை வெள்ளம் தூக்கி, கிணற்றின் வாய்க்கே கொண்டுவந்து எறிய, மேலே இருந்த பீமிஷ் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். பாலும் காலின்ஸும் வரவில்லை. மொத்தம் ஆறு பேர் வரவில்லை.

ஏழு வருடம் வேலை நின்றது. பணம் இல்லை. பாதிச் சுரங்கத்தைச் செங்கல் சுவர் வைத்து அடைத்தார்கள். அதன்மேல் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள், அந்தக் கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகத்தையும், அக்கரை வரை போகிற மாதிரி தோன்றிய சுரங்கத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ப்ரூனலின் நிலைமையை இதைவிடக் கிண்டலாக யாரும் படம் பிடித்திருக்க முடியாது.

1834 கடைசியில் சர்க்கார் கடன் கொடுக்க முன்வந்தது. பழைய 80 டன் கவசத்தைக் கழற்றிவிட்டு, 140 டன்னில் இன்னும் வலுவான கவசம். அடுத்தடுத்த வருடங்களில் நதி இன்னும் சில தடவை உள்ளே எட்டிப் பார்த்தது. ப்ரூனலுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டார். ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கவசத்தின் முன்னாலிருந்து மண் மாதிரி அவர் படுக்கை அறைக்கு வர வேண்டும். மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுப்பார். எந்த மண் எப்போது மாறும் என்று நிபுணர்கள் சொல்லத் தவறியதை, கிழவர் இப்படித்தான் கற்றுக்கொண்டார்.

1841-ல் கவசம் வாப்பிங் கரையைத் தொட்டது. 1843 மார்ச் 25-ம் தேதி சுரங்கம் திறந்தது. உலகத்திலேயே முதல்முறையாக, கப்பல் ஓடும் ஒரு பெரிய நதிக்கு அடியில் மனிதர்கள் நடந்தார்கள். முதல் நாளே ஐம்பதாயிரம் பேர். நாலு மாதத்துக்குள் பத்து லட்சம் பேர். அன்றைய லண்டனின் ஜனத்தொகையே இருபது லட்சம் வாக்கில்தான்!

ஆனால், எதற்காகத் தோண்டினார்களோ, அந்தச் சரக்கு வண்டி ஒன்றுகூட அதில் போகவில்லை. வண்டி இறங்குகிற சாய்வுப் பாதை கட்டக் காசு இல்லை. மொத்தம் ஆறு லட்சம் பவுனுக்கு மேல் விழுங்கிவிட்டு, தலைக்கு ஒரு பென்னி வசூலித்தது சுரங்கம். உள்ளே வளையல், மணி, பொம்மை விற்கிற கடைகள். கொஞ்ச நாளில் ஜேப்படிக்காரர்களின் பேட்டை. 1865-ல் ஒரு ரயில் கம்பெனி இரண்டு லட்சம் பவுனுக்கு வாங்கிப்போட்டது. 1869-ல் ரயில் விட்டது. இன்றும் லண்டன் புறநகர் ரயில் அந்தச் செங்கல் சுவர்களுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவர் மட்டும் அசையவில்லை.

அதே 1869-ல் பார்லோ, க்ரேட்ஹெட் என்ற இரண்டு இன்ஜினீயர்கள், லண்டன் டவருக்குப் பக்கத்தில் தேம்ஸுக்கு அடியில் இன்னொரு சுரங்கம் தோண்டினார்கள். எத்தனை நாளில் என்கிறீர்கள்? ஒரு வருடத்துக்குள்! சின்னச் சுரங்கம்தான், ஏழடி விட்டம். ப்ரூனல் பயந்து ஒதுங்கிய ஆழத்துக்கு இவர்கள் துணிந்து இறங்கினார்கள். அங்கே அருமையான களிமண். அதைவிட முக்கியம்... இவர்களுடைய கவசம் வட்டம்! புழு விஷயத்தை பார்லோ படித்திருந்தாரோ இல்லையோ, அவருக்கு யோசனை வந்தது புழுவிடமிருந்து அல்ல. பாலத்துக்குத் தூண் போட இரும்பு உருளைகளை ஆற்றுக்குள் இறக்கிய அனுபவம் அது. சுற்றி வளைத்துக் கடைசியில் எல்லோரும் புழு போட்ட வட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். க்ரேட்ஹெட் பிற்பாடு இன்னொன்றும் சேர்த்தார். இரும்பு வளையங்களால் சுவர் அமைத்து, அதற்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் சந்தில் குழாய் வழியாகச் சுண்ணாம்புக் குழம்பைப் பீய்ச்சினார். சுண்ணாம்பு! 1890-ல் லண்டனில் ஓட ஆரம்பித்த முதல் மின்சாரப் பாதாள ரயிலின் சுரங்கம் இப்படித் தோண்டியதுதான்.

கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் 2017-ல் கடந்ததே, அந்த 520 மீட்டருக்கு ஆன காலம் சில வாரங்கள். முன்னே சுழன்று சுரண்டுகிற வட்டத் தலை, நடுவே இரும்புக் கவசம், பின்னாலேயே வளையம் வளையமாகச் சுவர். சென்னையில் நம் காலடியில் தோண்டுகிற மெஷினும் அதே குடும்பம்தான். ஆனால் பொந்துகளில் ஆள் இல்லை.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ஜனவரி வெள்ளத்தில் அடிபட்ட இஸம்பார்ட் உடம்பு தேறுவதற்காக பிரிஸ்டல் பக்கம் போனார். அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டார். அப்பாவின் சுரங்கம் திறந்த அதே 1843-ல், ஜூலை 19-ம் தேதி, பிரிஸ்டலில் தான் கட்டிய ‘கிரேட் பிரிட்டன்’ என்ற கப்பலைத் தண்ணீரில் இறக்கினார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல். அதன் அடிப்பாகம் முழுக்க முழுக்க இரும்பு. அப்பாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த புழு அதில் பல் வைக்க முடியாது.